நாய்க்குச் சர்க்கரை நோய்: முதல் மூன்று மாதங்களைக் கடக்க ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டு ஸ்பிட்ஸ் நாய் ரோசிக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. தமிழில் தேடினால் மனிதர்களுக்கான குறிப்புகள்தான் கிடைத்தன. அவற்றில் பாதி நாய்க்குப் பொருந்தாது, சிலவற்றைப் பின்பற்றினால் நாயின் உயிருக்கே ஆபத்து. எந்த இன்சுலின், எந்த சிரிஞ்ச், கடையில் எப்படிக் கேட்பது, முதல் மாதம் எப்படிப் போகும் என்று சொல்ல ஆள் இல்லாமல் சென்னையில் நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நாயைக் கைவிட வேண்டிய நோய் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு ஊசி, எழுதி வைக்க ஒரு நோட்டு, இந்த மூன்றும் சரியாக இருந்தால் பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கின்றன. மருந்தின் அளவை டாக்டர் சொல்வார், மற்ற எல்லாம் உங்கள் வீட்டில் உங்கள் கையால்தான் நடக்கும்.

1. சந்தேகம் வந்தால் தண்ணீரை அளந்து பாருங்கள்

அறிகுறிகள் நான்கு. அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, கண்ணின் கருமணி வெளுத்துப் புகை படிந்ததுபோல் ஆவது. இரவில் வெளியே விடச் சொல்லி எழுப்புவதும், பழக்கப்பட்ட நாய் வீட்டுக்குள்ளேயே போய்விடுவதும் இதில் சேர்த்தி. சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் அதை லேசாக விடாதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 200-ஐத் தாண்டினால்தான் நாயின் சிறுநீரில் சர்க்கரை வரத் தொடங்கும்.

“வெயில் காலம், அதான் தண்ணி குடிக்குது” என்று எல்லோரும் சொல்வார்கள். ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீரை அளந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து மட்டும் கிண்ணத்தில் ஊற்றி, மறுநாள் காலையில் மீதியைப் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி என்பது சாதாரணம். 100 மில்லியைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும். அதாவது 10 கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால் காரணம் தேட வேண்டும். வேறு நாய்களும் அதே கிண்ணத்தில் குடித்தால் அன்று மட்டும் பிரித்து வையுங்கள்.

தண்ணீர் அதிகம் குடிப்பதெல்லாம் சர்க்கரை நோய் ஆகிவிடாது. சிறுநீரகக் கோளாறு, குஷிங் எனப்படும் ஹார்மோன் கோளாறு, கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது, இவற்றிலும் அப்படித்தான் குடிக்கும். கடைசியில் சொன்னது அவசர நிலை, ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

2. முதல் முறை போகும்போது எடுத்துப் போக வேண்டியவை

தடுப்பூசிப் புத்தகம், கடைசி ஓர் ஆண்டில் வாங்கிய எல்லா மருந்துச் சீட்டுகள், தண்ணீர் அளந்த குறிப்பு, இன்று என்ன சாப்பிட்டது என்ற விவரம். மருந்துச் சீட்டுகள் ஏன் முக்கியம் என்றால், அரிப்புக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். சில காது மருந்துகளிலும் கண் சொட்டுகளிலும்கூட ஸ்டீராய்டு உண்டு. சீட்டு தொலைந்திருந்தால் மாத்திரை அட்டையையோ காலி பாட்டிலையோ எடுத்துப் போங்கள்.

முடிந்தால் காலைச் சிறுநீரையும் கொண்டுபோங்கள். நீளமான கைப்பிடி உள்ள பழைய கரண்டியை நாய் உட்காரும்போது கீழே நீட்டினால் போதும். சுத்தமான மூடி போட்ட டப்பாவில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

பரிசோதனையில் ரத்த சர்க்கரை, சிறுநீர் சர்க்கரை இரண்டும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும். பயத்தில் நாய்க்கும் சர்க்கரை கொஞ்சம் ஏறும் என்பதால் ஒரே ஒரு ரத்த முடிவை வைத்து முடிவு கட்டக் கூடாது. சந்தேகம் இருந்தால் ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனையைக் கேளுங்கள். கடந்த இரண்டு, மூன்று வாரங்களின் சராசரி நிலையை அது காட்டும். கூடவே சிறுநீரகம், கல்லீரல், கணையம், சிறுநீரில் கிருமி, சிறுநீரில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்), இவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செலவு குறைவு, கூட்டம் அதிகம். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிட வேண்டும், அரை நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டு போங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. என் யோசனை: பெரிய பரிசோதனைகளுக்குக் கல்லூரி மருத்துவமனை, அன்றாட ஆலோசனைக்கு வீட்டுக்குப் பக்கத்தில், போன் எடுக்கும் ஒரு டாக்டர். முதல் மாதத்தில் அந்த போன்தான் உங்களுக்கு மிகவும் தேவைப்படும்.

3. மாத்திரை தேடாதீர்கள்

நாய்களுக்கு வருவது பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்ட வகை. மனிதர்களுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகள் இங்கே வேலை செய்யாது. பாகற்காய்ச் சாறு, வெந்தயம், சிறுகுறிஞ்சான் பொடி எதுவும் இன்சுலினுக்கு மாற்று இல்லை. அன்போடுதான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஊசியை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். இன்சுலின் இல்லாமல் நாள்கள் போனால் உடல் கொழுப்பை எரித்து, ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்து, நாய் வாந்தி எடுத்துச் சாப்பாட்டை விட்டுவிடும். மூச்சு வேகமாகும், வாயில் ஒருவித இனிப்பு வாடை வரும். அந்த நிலையில் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

4. இன்சுலினும் சிரிஞ்சும்: அதிகம் தவறு நடக்கும் இடம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

இங்கே பல டாக்டர்கள் நாய்க்கு எழுதுவது மனிதர்களுக்கான என்.பி.எச். என்ற, நடுத்தர வேகத்தில் வேலை செய்யும் இன்சுலின். நம் மருந்துக்கடைகளில் 10 மில்லி பாட்டிலில் கிடைக்கும். ஒரு மில்லியில் 40 யூனிட், அதாவது யு-40. பாட்டிலில் பெயருக்குப் பின்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அதே கம்பெனி, அதே மாதிரி பெட்டி, ‘ஆர்’ என்றும் ‘30/70’ என்றும் வேறு இரண்டும் உண்டு. ‘ஆர்’ வேகமாக வேலை செய்வது, ‘30/70’ என்பது ‘ஆர்’, ‘என்’ இரண்டும் கலந்தது. எங்களுக்கு ஒரு கடையில் “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொல்லி 30/70-ஐ நீட்டினார்கள். ஒன்று இல்லை. சீட்டில் எழுதியதையே வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அடுத்தது சிரிஞ்ச். யு-40 இன்சுலினுக்கு யு-40 சிரிஞ்ச், அதற்குச் சிவப்பு மூடி. யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். யு-40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால், 10 கோடு வரை எடுத்தாலும் உள்ளே போவது 4 யூனிட்தான். நாய்க்குச் சர்க்கரை இறங்கவே இறங்காது, நீங்கள் மருந்தைச் சந்தேகப்படுவீர்கள். தலைகீழாக, யு-100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் 10 கோட்டுக்கு 25 யூனிட் போய்விடும். அது உயிருக்கு ஆபத்து. பேனா வகை இன்சுலின் கார்ட்ரிட்ஜுகள் யு-100. பாட்டில் கிடைக்கவில்லை என்று அதிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடும் வேலை வேண்டாம்.

சீட்டில் டாக்டரிடம் மூன்றையும் எழுதி வாங்குங்கள்: மருந்தின் முழுப் பெயர், ‘40 யூனிட்/மில்லி’, ‘யு-40 சிரிஞ்ச்’. கடையில் பெட்டியைத் திருப்பி எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது, உருகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். சில மணி நேரம் கரண்ட் போனால் பதற வேண்டாம், ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் போதும். நாள் முழுக்கப் போனால் ஐஸ் போட்ட தெர்மாஸில் துணி சுற்றி வையுங்கள், ஐஸ் நேராகப் படக் கூடாது. நிறுத்தி வைத்த காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. திறந்த தேதியைப் பாட்டிலிலேயே பேனாவால் எழுதுங்கள். பாட்டிலில் 400 யூனிட் இருக்கிறது, சின்ன நாய்க்கு ஒரு மாதத்தில் தீராது. ஆனாலும் 28 நாளில் புதிது திறந்துவிடுங்கள். மீதியை எறிய மனம் வராது, பழைய மருந்தால் சர்க்கரை ஏறினால் ஆகும் செலவு அதைவிடப் பெரிது.

5. ஊசி போடும் முறை

பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. உங்களால் ஞாயிற்றுக்கிழமையும் கடைப்பிடிக்க முடிகிற நேரமாகத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்குக் காலை ஏழு, மாலை ஏழு. எப்போதாவது அரை மணி, ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் குடிமுழுகிப் போகாது.

முதலில் சாப்பாடு, சாப்பிட்டதை உறுதி செய்துகொண்டு ஊசி. பாட்டிலைக் குலுக்காமல் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள். மருந்து சீராகக் கலங்கிய பால் நிறமாக வேண்டும், திரி திரியாக நின்றால் பயன்படுத்தாதீர்கள். அளவை எடுத்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, கோட்டைத் திரும்பப் பாருங்கள்.

இடம்: விலாவின் பக்கவாட்டிலும் இடுப்புக்கு முன்னாலும் தளர்வாக இருக்கும் தோல். பலர் கழுத்துப் பிடரியில் போடுகிறார்கள், அங்கே மருந்து சீராக உறிஞ்சப்படுவதில்லை. தோலைக் கூடாரம் போல் தூக்கி, அதன் அடிப்பகுதியில் ஊசியை நுழைத்து, அழுத்தி, எடுத்துவிடுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம் என்று தினமும் இடத்தை மாற்றுங்கள். ஊசி மிக மெல்லியது, பெரும்பாலான நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. கை நடுங்குபவர்கள் முதலில் டாக்டர் முன்னால் சலைன் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

முடி நனைந்திருந்தால் மருந்து வெளியே போயிருக்கும். உள்ளே போனதா, பாதி போனதா என்று தெரியாதபோது திரும்பப் போடக் கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு முறை போட்டுவிட்டால் நாயின் உயிரே போகலாம். வீட்டில் இரண்டு பேர் ஊசி போடுபவர்களாக இருந்தால் போட்டவுடன் காலண்டரில் டிக் அடிக்கும் பழக்கம் கட்டாயம்.

பயன்படுத்திய ஊசிகளை மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து கிளினிக்கில் கொடுங்கள். குப்பை பொறுக்குபவரின் கையில் குத்தக் கூடாது.

6. சாப்பாடு

எது என்பதைவிட, ஒரே சாப்பாடு, ஒரே அளவு, ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். கடைத் தீவனமோ, வீட்டுச் சோறும் கோழியும் காய்கறியுமோ, டாக்டர் ஒப்புக்கொண்ட ஒன்றைத் தராசில் எடை போட்டுக் கொடுங்கள். நம் வீடுகளில் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது: பாட்டி கொடுக்கும் மேரி பிஸ்கட், டீ குடிக்கும்போது ஒரு துண்டு ரஸ்க், பண்டிகை நாளில் ஒரு வாய் பாயசம். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்பவருக்கு வேக வைத்த பீன்ஸ் துண்டைக் கையில் கொடுங்கள். கொழுப்பான மட்டன், தோல், எண்ணெய்ப் பண்டம் கூடாது. கணையம் வீங்கினால் அதுவரை செய்த எல்லாம் வீணாகும்.

‘சுகர் ஃப்ரீ’ என்று போட்ட பண்டங்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சைலிட்டால் என்ற இனிப்பு சில சூயிங்கம், மிட்டாய், பற்பசை, வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் இருக்கிறது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு விஷம். சர்க்கரையைத் திடீரென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இவை கைக்கெட்டும் இடத்திலேயே கிடக்கும். அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.

நாய் சாப்பிடவில்லை என்றால் முழு அளவு ஊசி போடாதீர்கள். டாக்டரைக் கேளுங்கள், பல சமயம் பாதி அளவு போடச் சொல்வார்கள். அந்த வேளைக்கு என்ன செய்வது என்பதை நல்ல நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது மேல். தீபாவளி வெடிச் சத்தத்தில் பல நாய்கள் சாப்பிடாது. அந்த வாரத்துக்குத் தனியாகக் கேட்டு வையுங்கள்.

7. சர்க்கரை இறங்கிவிட்டால்

சர்க்கரை ஏறுவது நாள்கணக்கில் கெடுக்கும், இறங்குவது நிமிடக் கணக்கில். 60-க்குக் கீழே போனால் அபாயம். தள்ளாட்டம், நடுக்கம், திருதிருவென்று விழிப்பது, கூப்பிட்டால் கவனிக்காமல் இருப்பது, பின்னங்கால் மடங்குவது, முற்றினால் வலிப்பு. மருந்து அதிகமானால், சாப்பாடு குறைந்தால், வாந்தி எடுத்துவிட்டால், வழக்கத்தைவிட அதிகமாக ஓடி விளையாடினால் இது வரும்.

செய்ய வேண்டியது: எழுந்து நிற்கிற, விழுங்குகிற நாய் என்றால் உடனே வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சம் கொடுங்கள். சாப்பிட மறுத்தாலோ தள்ளாடினாலோ தேன், அல்லது தண்ணீரில் கெட்டியாகக் குழைத்த குளுக்கோஸ் பவுடர். விரலால் எடுத்து ஈறில் தடவுங்கள். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பில் பல்லுக்கு நடுவே விரலை விடாமல், உதட்டை விலக்கி ஈறில் மட்டும் தடவுங்கள். தடவிக்கொண்டே வண்டியைக் கூப்பிடுங்கள். சில நிமிடங்களில் தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மருந்து இன்னும் உடம்பில் இருப்பதால் திரும்ப இறங்கும். அடுத்த வேளை ஊசியை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

குளுக்கோஸ் டப்பா ஒன்று வீட்டில், ஒன்று நடைப்பயிற்சிப் பையில். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

8. வீட்டில் சர்க்கரை பார்ப்பதும் டோஸ் மாற்றுவதும்

காது மடலின் ஓரத்திலோ உதட்டின் உள்பக்கத்திலோ ஒரு துளி எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம். காதை வெந்நீர்த் துணியால் சூடு காட்டினால் ரத்தம் எளிதில் வரும். மனிதர்களுக்கான மீட்டர் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதனால் லேபில் ரத்தம் எடுக்கும் நாளில் உங்கள் மீட்டரிலும் பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மீட்டரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். 14 நாள் ஒட்டி வைக்கும் சென்சாரும் நாய்களுக்குப் பயன்படுகிறது, விலை சில ஆயிரம். குத்தவே விடாத நாய்க்கு அது வரம்.

டாக்டர் ‘கர்வ்’ எடுக்கச் சொல்வார். காலைச் சாப்பாட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு மணி நேரம் பார்த்து எழுதுவது. வீட்டில் எடுத்தால் பயம் இல்லாத உண்மையான எண்கள் கிடைக்கும். மிகவும் இறங்கும் நேரத்தில் 80 முதல் 150-க்குள் இருந்தால் நல்லது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு வேளை 350 என்று காட்டினால் மனம் பதறும், இரண்டு யூனிட் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். மருந்து அதிகமாகிச் சர்க்கரை மிகவும் இறங்கி, உடம்பு பயந்து அதைத் தூக்கி ஏற்றியதாலும் அந்த 350 வரலாம். டோஸ் மாற்றினால் அது நிலைகொள்ள ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பொதுவாகக் கிலோவுக்குக் கால் முதல் அரை யூனிட்டில் தொடங்கி மெதுவாக மாற்றுவார்கள். சரியான அளவு பிடிபட ஒன்றிரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதமும் ஆகும். இதற்கு நடுவில் “மருந்து ஒத்துக்கல” என்று டாக்டரை மாற்றினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

எண்ணைவிட நாயைப் பாருங்கள். தண்ணீர் குடிப்பது குறைந்து, எடை நின்று, துறுதுறுப்பு திரும்பினால் வழி சரி. வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள்.

9. பெண் நாயாக இருந்தால்

கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு ஒவ்வொரு பருவம் முடிந்த பிறகும் ஹார்மோன் ஏறி இன்சுலினை வேலை செய்ய விடாது. எவ்வளவு போட்டாலும் பிடிபடாது. சர்க்கரை ஓரளவு நிலைக்கு வந்ததும் அறுவை செய்துவிடச் சொல்வார்கள், வயதாகிவிட்டதே என்று தயங்காதீர்கள். சீக்கிரம் செய்த சில நாய்களுக்குச் சர்க்கரை நோயே விலகியதும் உண்டு. அறுவைக்குப் பிறகு இன்சுலின் தேவை சட்டென்று குறையும். அந்த வாரங்களில் அடிக்கடி சர்க்கரை பாருங்கள், ஏழாம் பகுதியை மனதில் வையுங்கள்.

10. கண்

நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் பெரும்பாலான சர்க்கரை நாய்களுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் கண்புரை வரும். உங்கள் கவனிப்பில் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, கூசி மூடினாலோ உடனே காட்டுங்கள், உள்ளே வீக்கம் இருக்கலாம். அறுவை உண்டு, செலவு அதிகம், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால்தான் செய்வார்கள். செய்ய முடியாதவர்கள் வீட்டில் சோபாவையும் கிண்ணத்தையும் இடம் மாற்றாமல் வைத்தால் நாய் மோப்பத்தாலேயே சமாளித்துக்கொள்ளும்.

11. செலவு

முதல் மாதம்தான் கனம். தனியார் கிளினிக்கில் பரிசோதனைகளுக்கே சில ஆயிரம் ஆகும். அப்புறம் 10 கிலோ நாய்க்கு எங்கள் மாதக் கணக்கு இது: இன்சுலின் பாட்டில் ஒன்று 200 ரூபாயை ஒட்டி, சிரிஞ்ச் அறுபது சுமார் 500, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் 500 முதல் 1,000 வரை. டாக்டர் கட்டணமும் சேர்த்தால் 1,500-லிருந்து 3,000-க்குள் முடியும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஸ்ட்ரிப்பைப் பெரிய பெட்டியாக வாங்குங்கள். சிரிஞ்சைத் திரும்பப் பயன்படுத்தி மிச்சம் பிடிக்காதீர்கள். முனை மழுங்கி நாய்க்கு வலிக்கும், அப்புறம் ஊசியைக் கண்டாலே ஓடும்.

12. ஊருக்குப் போகும்போது

நாயை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தால் ஊசி போடத் தெரிந்தவரிடம்தான் விட வேண்டும். போவதற்கு முன் இரண்டு, மூன்று வேளை உங்கள் முன்னால் அவரைப் போட வையுங்கள். ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: இன்சுலின் பெயர், எத்தனை யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச், நேரம், சாப்பாட்டின் எடை, சாப்பிடாவிட்டால் என்ன செய்வது, குளுக்கோஸ் டப்பா இருக்கும் இடம், டாக்டர் எண், இரவு மருத்துவமனை எண். தாளின் தலைப்பில் பெரிய எழுத்தில் ‘சர்க்கரை நாய், ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் சொல்லவும்’ என்று எழுதுங்கள். உண்ணி, அரிப்பு, காது வலி என்று வேறு யாராவது கிளினிக்குக் கொண்டுபோனாலும் அந்தத் தாள் கூடவே போக வேண்டும்.